மக்காச்சோளம், பாட்டு, ஒரு மரப்படகு: ஹட்சன் ஆத்தங்கரைத் திருவிழா எப்படி வேலை செய்யுது

1966ல, ஹட்சன் நதி நாறிக்கிட்டு இருந்த நேரத்துல, நியூயார்க் மாநிலத்துல ஒரு பாட்டுக்காரர் வந்து, நாம எல்லாரும் காசு போட்டு பழைய காலத்து பாய்மரப் படகு ஒண்ணு கட்டுவோம்னு சொன்னார். கேட்டவங்கள்ல நிறைய பேருக்குப் புரியல. புரியாததுல தப்பும் இல்ல, ஏன்னா ஆத்துல சாக்கடை கலக்குது, ஃபேக்டரி கழிவு கலக்குது, இதுக்கு வக்கீல் வைக்கலாம், தண்ணிய டெஸ்ட் பண்ண லேப் வைக்கலாம், அத விட்டுட்டு கைல இருக்கிற காச எல்லாம் கொண்டு போய் ஒரு மரப்படகுல போடணுமான்னு தானே யாருக்கும் தோணும். அந்தப் பாட்டுக்காரர் பீட் சீகர். படகு பேர் கிளியர்வாட்டர். அந்தப் படகுக்காக ஆத்தங்கரைல நடத்துன சின்னச் சின்னக் கச்சேரிங்க தான் பின்னாடி வளந்து, கோடைல ரெண்டு நாள் நடக்குற பெரிய திருவிழாவா ஆச்சு. மேடை போடுறதுல இருந்து குப்பை பிரிக்கிறது வரைக்கும் பெரும்பாலும் வாலண்டியருங்க கைலயே ஓடுற திருவிழா.

இதப் பத்தி எழுதுறவங்க யார் யார் பாடுனாங்க, எவ்வளவு கூட்டம் வந்துச்சுன்னு சொல்லி முடிச்சிடறாங்க. எனக்கு அது உள்ள எப்படி ஓடுதுங்கிறது தான் முக்கியமாப் படுது. ஒரு ஆத்தக் காப்பாத்துற அமைப்புக்குத் திருவிழா எதுக்கு, அதுல நெஜமாவே காசு மிஞ்சுதா, மிஞ்சலன்னா ஏன் திரும்பத் திரும்ப நடத்தணும்? என் பதில முதல்லயே சொல்லிடறேன். காசு அதுல கொஞ்சமாத்தான் நிக்கும், ரெண்டு நாளும் மழை கொட்டுனா அதுவும் நிக்காது, ஆனா அந்தத் திருவிழா வருஷா வருஷம் ஆத்துக்குன்னு ஆளுங்களச் சேத்துக் குடுக்குது, அந்த ஆளுங்க பின்னாடி நிக்கலன்னா வக்கீலாலயும் லேபாலயும் இவ்வளவு தூரம் போயிருக்க முடியாதுன்னு நான் நம்புறேன்.

முதல்ல ஆறு. ஹட்சன் மொத்தம் 507 கிலோமீட்டர், அடிரோண்டாக் மலைல ஒரு சின்ன ஏரில ஆரம்பிச்சு மன்ஹாட்டன ஒட்டி கடல்ல கலக்குது. இதுல பாதி தூரம் தான் ஆறுன்னு சொல்ற மாதிரி ஓடும். மீதி, அதாவது டிராய் ஊர் அணைக்குக் கீழ கிட்டத்தட்ட 246 கிலோமீட்டர், கடலோட ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் ஆடிக்கிட்டே இருக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தண்ணி வடக்கப் பாத்து ஏறும், ரெண்டு தடவை தெக்க இறங்கும், அதனால தான் அங்க ஆதியில இருந்த மஹிகன் மக்கள் இதுக்கு ரெண்டு பக்கமும் ஓடுற தண்ணின்னு அர்த்தம் வர்ற மாதிரி பேர் வச்சிருந்தாங்க. கேக்க அழகா இருக்கு, ஆனா கழிவு கலக்குற ஆத்துக்கு இது பெரிய கஷ்டம். ஒரே பக்கம் ஓடுற ஆறுன்னா கொட்டுன அழுக்கு கீழ போயிடும், கீழ இருக்கிற ஊர்க்காரன் பாவம், அது வேற கதை. இங்க காலைல தெக்க போன அழுக்கு மத்தியானம் திரும்பி வரும். அழுக்கு ஊர விட்டுப் போறதுக்கே நாள்கணக்காகும்.

அந்தக் காலத்து நிலைமை எப்படின்னா, மன்ஹாட்டன் மேக்குப் பக்கத்து வீடுங்களோட கழிவுத் தண்ணி தினமும் 15 கோடி கேலன் அப்படியே, சுத்திகரிக்காம ஆத்துல விழுந்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம் ஓட ஆரம்பிச்சதே 1986ல தான். டாரிடவுன் ஊர்ல கார் ஃபேக்டரி இருந்துச்சு, இன்னைக்கு காருக்கு என்ன கலர் அடிக்கிறாங்கன்னு ஆத்தப் பாத்தாலே தெரிஞ்சிடும்னு கரைல இருந்தவங்க சொல்வாங்க. இத எல்லாத்தையும் விட மோசமானது கண்ணுக்குத் தெரியாம மேல் ஆத்துல கலந்துக்கிட்டு இருந்தது, அதுக்குப் பின்னாடி வர்றேன்.

சீகருக்கு வீடு பீக்கன் ஊர்ல, ஆத்தப் பாத்த மாதிரி மலைச்சரிவுல, அவரும் அவர் மனைவி தோஷியும் சேர்ந்து கட்டுன மரக்கட்டை வீடு. 18, 19ஆம் நூற்றாண்டுல ஹட்சன்ல சரக்கும் ஆளும் ஏத்திக்கிட்டுப் போன ஸ்லூப்ங்கிற ஒத்தப் பாய்மரப் படகுங்களப் பத்தி ஒரு பழைய புத்தகம் நண்பர் மூலமா அவர் கைக்கு வந்துச்சு, அதப் படிச்சதுல இருந்து அதே மாதிரி ஒண்ணு கட்டணும்னு பிடிச்சுக்கிட்டார். அவரோட கணக்கு எளிமையானது. ஆத்துக்கு ஜனங்க முதுகக் காட்டிட்டாங்க, கரைல ரயில் தண்டவாளம், குப்பைமேடு, ஃபேக்டரி சுவர் இதுங்க தான் நிக்குது, யாரும் தண்ணி கிட்ட போறதே இல்ல, கிட்ட போகாதத யாரும் காப்பாத்த மாட்டாங்க. ஆகாசத்த மறைக்கிற மாதிரி பெரிய பாய் ஒண்ணு ஆத்துல போனா ஜனங்க கரைக்கு வந்து பாப்பாங்க. வந்தா தண்ணியப் பாப்பாங்க. நாத்தமும் தெரியும்.

1966லயே சீகரும் தோஷியும் ஊர்க்காரங்களும் சேர்ந்து அமைப்ப ஆரம்பிச்சாங்க, ஆத்தங்கரை புல்வெளிங்கள்ல கச்சேரி வச்சு உண்டியல் குலுக்குனாங்க. படகு மெய்ன் மாநிலத்துல தெக்கு பிரிஸ்டல் ஊர்ல ஒரு படகுப் பட்டறைல உருவாகி 1969 மே 17 அன்னைக்கு தண்ணில இறங்குச்சு. 106 அடி நீளம், அதுக்கு மேல உயரமான பாய்மரம். அது நியூயார்க்குக்கு வந்த முதல் பயணத்துல மாலுமிங்களாப் போனவங்கள்ல நிறைய பேர் பாட்டுக்காரங்க, பின்னாடி உலகம் பூரா தெரிஞ்ச டான் மெக்லீன் அதுல ஒருத்தர். வழில இருந்த துறைமுகங்கள்ல நிறுத்தி நிறுத்திப் பாடி காசு சேத்துக்கிட்டே வந்தாங்க.

எல்லாரும் கை தட்டி வரவேத்தாங்கன்னு நினைக்க வேண்டாம். சீகர் இடதுசாரி. 1955ல நாடாளுமன்றக் கமிட்டி கூப்பிட்டு விசாரிச்சப்ப பதில் சொல்ல மாட்டேன்னு மறுத்தவர், 1961ல அதுக்காக குற்றவாளின்னு தீர்ப்பு வந்து, அடுத்த வருஷம் அப்பீல்ல அது ரத்தாச்சு. வியட்நாம் போர் நடந்துக்கிட்டு இருந்த நேரம் வேற. ஆத்தங்கரை ஊருங்க நிறைய பழமைவாத ஊருங்க, இந்த ஆளோட படகு நம்ம துறைக்கு வரக் கூடாதுன்னு நினைச்சவங்க நிறைய பேர் இருந்தாங்க. இங்க தான் சாப்பாடும் பாட்டும் உதவுச்சு. சீகர் பெரிய அண்டாவுல சூப் வச்சு ஆளாளுக்கு ஒரு காய் கொண்டு வந்து போடுங்கன்னு சொல்ற பழக்கம் வச்சிருந்தார். அரசியல்ல ஒத்துப் போகாதவன் கூட ஒரு கேரட்ட கொண்டு வந்து போட்டுட்டு ஒரு கிண்ணம் வாங்கிக் குடிச்சா அடுத்த வாரம் பேச்சு கொஞ்சம் மாறும். கூட்டம் போட்டு உரையாத்தி சாதிக்க முடியாதது இது.

பெருசா வளந்த வடிவத்துல, கிரேட் ஹட்சன் ரிவர் ரிவைவல்ங்கிற பேர்ல, 1978ல குரோட்டன் பாயிண்ட்ல திருவிழா நடந்துச்சு. ஜூன் மாசம், பெரும்பாலும் தந்தையர் தினம் வர்ற வார இறுதில. இத ஒழுங்கா ஒரு வேலையா மாத்தினதுல தோஷி சீகருக்குப் பெரிய பங்கு உண்டு. மேடைல நிக்கிறவர் பேர் எல்லாருக்கும் தெரியுது, கீழ நின்னு யார் எப்ப எங்க நிக்கணும், எத்தன பேருக்கு சாப்பாடு, டாய்லெட் எங்கன்னு பாத்தவங்க பேர் தெரியாமப் போயிடுது. எந்த ஊர்த் திருவிழாவுலயும் இது இப்படித்தான்னு நினைக்கிறப்ப எனக்கு மனசு கஷ்டமா இருக்கு, அதனால தான் இங்க அழுத்திச் சொல்றேன். தோஷி 2013 ஜூலைல இறந்து போனாங்க, ஆறு மாசம் கழிச்சு 2014 ஜனவரி 27ல சீகர், 94 வயசுல.

குரோட்டன் பாயிண்ட்டப் பத்தி ரெண்டு வரி சொல்லணும், ஏன்னா அந்த இடமே இந்தக் கதைல ஒரு சாட்சி. ஆத்துக்குள்ள நாக்கு நீட்டுன மாதிரி துருத்திக்கிட்டு இருக்கிற நிலம், பக்கத்துல ஹாவர்ஸ்ட்ரா விரிகுடா, ஹட்சன் ரொம்ப அகலமா இருக்கிற இடம். அந்த மண்ணுல ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தின ஆதிக்குடிங்க தின்னு போட்ட சிப்பி ஓடு குவியல் குவியலா கிடைச்சிருக்கு, அதாவது அவ்வளவு சிப்பி அந்த ஆத்துல இருந்திருக்கு. அதே இடத்துல 20ஆம் நூற்றாண்டுல மாவட்டத்துக் குப்பைய எல்லாம் கொண்டு வந்து கொட்டி, 1986ல தான் நிறுத்தினாங்க. குப்பைல இருந்து கசியுற தண்ணி நேரா சதுப்பு நிலத்துக்குப் போச்சு. திருவிழாவும் நடுவுல சில வருஷம் அங்க நடக்காம, வல்ஹால்லா ஊர்ல ஒரு காலேஜ் மைதானத்துல நடந்துச்சு. ஆத்துக்காக நடத்துற திருவிழா ஆத்தப் பாக்க முடியாத இடத்துல. குப்பைமேட்ட மூடி மண்ணு போட்டு புல்லு வளத்ததுக்கு அப்புறம் திரும்ப குரோட்டன் பாயிண்ட்டுக்கே வந்தாங்க. இப்ப அந்த மேடு பச்சைக் குன்று மாதிரி இருக்கு, குளிர்காலத்துல அந்தப் பக்கம் கழுகு பாக்கன்னே ஆளுங்க வர்றாங்க.

சரி, காசு. திருவிழான்னா டிக்கெட் விக்குது, கடை போடுறவங்க வாடகை குடுக்குறாங்க, வர்றவங்கள்ல கொஞ்ச பேர் அமைப்புல உறுப்பினரா சேர்றாங்க, இது வரவு. செலவுப் பக்கம் பாத்தா மேடை, சவுண்ட், கூடாரம், நடமாடும் டாய்லெட், இன்சூரன்ஸ், போலீஸ், ஆம்புலன்ஸ், பாடுறவங்களுக்குச் சம்பளம். இதுல கவனிக்க வேண்டியது, செலவுல பெரும்பகுதி முன்னாடியே உறுதியாகிடும், ஜனம் வந்தாலும் வரலன்னாலும் குடுத்தே ஆகணும். வரவோ கடைசி ரெண்டு நாள் வானத்தப் பொறுத்தது. சனிக்கிழமை காலைல இடி இடிச்சா வாசல்ல டிக்கெட் வாங்கலாம்னு இருந்தவங்க வீட்டுலயே இருந்துடுவாங்க. வெயில் அடிச்சா கல்லா நிறையும். இது விவசாயம் மாதிரி தான், கடன வாங்கி விதைய போட்டுட்டு வானத்தப் பாத்துட்டு நிக்கிறது.

இந்தக் கணக்குல நஷ்டம் வராமக் காப்பாத்துறது வாலண்டியர் உழைப்பு. வண்டி நிறுத்துற இடத்துல கை காட்டுறது, மேடைக்குப் பின்னாடி ஓடுறது, சமைக்கிறது, முதலுதவி, காது கேக்காதவங்களுக்காக மேடைல சைகை மொழில பாட்ட சொல்றது, மக்குற குப்பைய மக்காததுல இருந்து பிரிக்கிறது, இதுக்கெல்லாம் ஆளப் புடிச்சு கூலி குடுத்தா டிக்கெட் விலை எங்கயோ போயிடும். அவங்களுக்குக் கிடைக்கிறது என்னன்னா இலவச நுழைவு, சாப்பாடு, அங்கயே கூடாரம் போட்டுத் தங்க இடம். வெளில இருந்து பாக்குறவங்க இத ஒரு பண்டமாத்து மாதிரி நினைப்பாங்க. ஆனா வருஷா வருஷம் திரும்பி வர்றவங்களக் கேட்டா ராத்திரி கூட்டம் எல்லாம் போனதுக்கு அப்புறம் கூடாரத்துக்கு வெளில உக்காந்து விடிய விடிய பாடுறதப் பத்தித் தான் பேசுவாங்க. சின்ன வயசுல அப்பா அம்மா கூட வந்து குப்பைத்தொட்டி பக்கத்துல நின்ன பிள்ளைங்க பெருசாகி அவங்க பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து அதே குப்பைத்தொட்டி பக்கத்துல நிக்கிறாங்க. குப்பைத்தொட்டின்னு லேசா சொல்லக் கூடாது, அந்த இடம் தான் திருவிழாவோட பள்ளிக்கூடம். தட்ட இதுல போடுங்க, கரண்டிய அதுல போடுங்கன்னு ஒரு பத்து வயசுப் பையன் சொன்னா பெரியவங்க மறுபேச்சு இல்லாம கேக்குறாங்க.

இன்னொரு விஷயம் இருக்கு. காசு குடுத்துட்டுப் போறவன் அன்னைக்கு மட்டும் வந்தவன். ரெண்டு நாள் வெயில்ல நின்னு வேல பாத்தவன் அடுத்த நாள் பேப்பர்ல அந்த ஆத்தப் பத்தி ஒரு செய்தி வந்தா முழுசாப் படிப்பான், கவுன்சில் கூட்டத்துக்குப் போவான், எம்பிக்குக் கடிதம் போடுவான். இத எந்தக் கணக்கு நோட்டுலயும் வரவுன்னு எழுத முடியாது, ஆனா திருவிழாவோட உண்மையான வரவு இது தான்.

எனக்கு இது புரிஞ்சது படகுல ஏறினப்ப தான். நான் ஏறின அன்னைக்கு முப்பது நாப்பது பேர், பாதி பேர் பள்ளிக்கூடப் பிள்ளைங்க. பாய மோட்டார் வச்சு ஏத்த மாட்டாங்க. பிள்ளைங்களும் பெரியவங்களும் ரெண்டு வரிசையா நின்னு கயித்தப் புடிச்சு, ஒருத்தர் பாட்டு எடுத்துக் குடுக்க, அந்தத் தாளத்துக்கு எல்லாரும் ஒண்ணா இழுக்கணும். தாளம் தப்புனா பாய் அசையாது. கை ரெண்டும் சிவந்து போச்சு எனக்கு. பாய் மேல போனதும் இஞ்சின நிறுத்திட்டாங்க, ரெண்டு நிமிஷம் யாரும் பேசாதீங்கன்னு சொன்னாங்க, தண்ணி பலகைல மோதுற சத்தமும் தூரத்துல ரயில் சத்தமும் மட்டும். அப்புறம் இழுவலையப் போட்டு இழுத்து, வந்தத ஒரு கண்ணாடித் தொட்டில விட்டாங்க. நாலஞ்சு சின்ன மீன், ஒரு நண்டு, அப்புறம் உள்ளங்கைல பாதி கூட இல்லாத ஒரு தட்டை மீன், நம்மூர் நாக்கு மீன் மாதிரி, கண்ணு ரெண்டும் ஒரே பக்கம். ஹாக்சோக்கர்னு பேர் சொன்னாங்க. வயித்துப் பக்கம் வழுவழுப்பா வெள்ளையா, முதுகு சொரசொரன்னு சேத்துக் கலர்ல. ஒரு சின்னப் பொண்ணு கைய நனைச்சுக்கிட்டு அதத் தொட்டா, அது அவ விரல்ல அட்டை மாதிரி ஒட்டிக்கிச்சு, அவ கத்தவும் இல்ல உதறவும் இல்ல, இது இங்கயா இருக்கு, இந்தத் தண்ணிலயான்னு மட்டும் கேட்டா. தினமும் அந்த ஆத்தப் பாலத்து மேல தாண்டி ஸ்கூலுக்குப் போற பொண்ணு அது. கடைசில எல்லாத்தையும் திரும்ப ஆத்துலயே விட்டாங்க.

இப்படி அந்தப் படகுல ஏறினவங்க இது வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல. திருவிழாவுல சேர்ற காசு போறது முக்கியமா இந்த மாதிரி வேலைக்குத் தான், படகப் பராமரிக்க, சொல்லிக் குடுக்க, ஆத்துக்காக சட்டப்படி வாதாட.

வாதாடுறதுன்னு சொன்னேன்ல, அந்தக் கண்ணுக்குத் தெரியாத விஷயத்துக்கு வர்றேன். ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்டுன்னு மேல் ஆத்துல ரெண்டு ஊர், அங்க ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்கு கெப்பாசிட்டர்ங்கிற கரண்ட் சாமான் செய்யுற ஃபேக்டரிங்க. அதுக்குள்ள ஊத்துற எண்ணெய் மாதிரி பொருள் பிசிபி. சீக்கிரம் தீப் பிடிக்காது, சிதையாது, அதனால கரண்ட் சாமானுக்கு ரொம்ப நல்லதுன்னு நினைச்சாங்க. சிதையாதுங்கிற அதே குணம் தான் ஆத்துக்கு எமனாச்சு. 1947ல இருந்து 1977 வரைக்கும் 13 லட்சம் பவுண்ட் வரை, அதாவது கிட்டத்தட்ட 590 டன் ஆத்துல கலந்துச்சுன்னு கணக்கு. அது தண்ணில கரையாம வண்டல்ல ஒட்டிக்கிட்டு அடியில தங்கும், அடியில இருக்கிற புழு திங்கும், புழுவ சின்ன மீன், சின்ன மீனப் பெரிய மீன், ஒவ்வொரு படிக்கும் கொழுப்புல சேந்துக்கிட்டே போகும். அப்புறம் 1973ல ஃபோர்ட் எட்வர்டுல ஒரு பழைய அணைய எடுத்தாங்க, அதுக்குப் பின்னாடி தேங்கி இருந்த வண்டல் எல்லாம் கீழ இறங்கி நிலைமை இன்னும் மோசமாச்சு. 1976ல மேல் ஆத்துல மீன் புடிக்கவே தடை, கீழ் ஆத்துல ஸ்ட்ரைப்டு பாஸ் மீன் வியாபாரத்துக்குத் தடை. தலைமுறை தலைமுறையா வலை போட்டவங்க ஒரே நாள்ல தொழில விட்டாங்க. அவங்க யாரும் அந்த விஷத்தக் கொட்டல.

1984ல ஹட்சன் ஃபால்ஸ்ல இருந்து நியூயார்க் துறைமுகம் வரைக்கும் 320 கிலோமீட்டர மத்திய அரசு சூப்பர்ஃபண்ட் இடம்னு அறிவிச்சுச்சு, அதாவது நாட்டுலயே மோசமா விஷம் கலந்த இடங்கள் பட்டியல்ல சேத்தாச்சு. அதுக்கப்புறம் தான் நீண்ட இழுபறி. ஆத்தத் தூர் வாரி விஷ வண்டல எடுக்கணும்னு கிளியர்வாட்டர் மாதிரி அமைப்புங்க சொன்னாங்க, கம்பெனி கிளறுனா இன்னும் மோசமாகும், அப்படியே விட்டா வண்டல் மூடிக்கும்னு டிவி விளம்பரம் எல்லாம் குடுத்து எதுத்துச்சு. மேல் ஆத்து ஊர்க்காரங்கள்லயும் நிறைய பேர் தூர் வாரக் கூடாதுன்னாங்க, அவங்க பயத்தயும் தள்ளிட முடியாது, அவங்க வீட்டு வாசல்ல தானே இயந்திரம் வந்து நிக்கும். 2002ல தான் தூர் வாரியே ஆகணும்னு முடிவாச்சு. 2009ல வேலை ஆரம்பிச்சு 2015ல முடிஞ்சப்ப கிட்டத்தட்ட 27.5 லட்சம் கன கஜம் வண்டல் வெளில எடுத்திருந்தாங்க, செலவு கம்பெனியோடது.

1984ல இருந்து 2002ன்னா 18 வருஷம். 18 வருஷம் ஒரு கோரிக்கைய உயிரோட வச்சுக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. ஆபீசருங்க மாறிடுவாங்க, அரசாங்கம் மாறிடும், பத்திரிகைக்கு சலிச்சுடும், கம்பெனிகிட்ட மட்டும் காசு தீராது. ஒவ்வொரு ஜூனும் ஆயிரக்கணக்கான பேர் ஆத்தங்கரைல கூடி, பாட்டுக்கு நடுவுல பிசிபி கூடாரத்துல நின்னு படம் பாத்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனது அந்தக் கோரிக்கைய சாக விடல. திருவிழா மட்டும் தான் ஜெயிச்சதுன்னு சொல்ல மாட்டேன், வழக்கு போட்டவங்க, விஞ்ஞானிங்க, அதிகாரிங்கள்ல நல்லவங்க எல்லாரும் இருக்காங்க. அதே ஆத்துல ஸ்டார்ம் கிங் மலையக் குடைஞ்சு மின் நிலையம் கட்டுறத எதுத்து 1965ல கிடைச்ச தீர்ப்பு, பணம் நஷ்டம் ஆகலன்னாலும் இயற்கைக்காக ஜனங்க கோர்ட்டுக்குப் போகலாம்னு அமெரிக்காவுக்கே வழி காட்டுச்சு. 1972ல சுத்தத் தண்ணிச் சட்டம் வந்தப்ப அதிபர் நிக்சன் வீட்டோ போட்டார், நாடாளுமன்றம் அத மீறி நிறைவேத்துச்சு, அந்த வருஷங்கள்ல இந்தப் படகு வாஷிங்டன் வரைக்கும் பாய் விரிச்சுப் போயிட்டு வந்திருக்கு. எல்லாம் சேந்து தான் ஆறு திரும்பி வந்துச்சு.

முழுசா வரல, அதையும் சொல்லணும். வண்டல்ல பிசிபி இன்னும் மிச்சம் இருக்கு. ஹட்சன் மீன சாப்பிடுறதுல கவனமா இருங்கன்னு, முக்கியமா 50 வயசுக்குக் கீழ இருக்கிற பெண்களுக்கும் குழந்தைங்களுக்கும், மாநில சுகாதாரத் துறை இன்னும் சொல்லிட்டு இருக்கு. ஷாட்னு ஒரு மீன், நம்ம உல்லம் மீனோட சொந்தம், கடல்ல வளந்து முட்டையிட ஆத்துக்கு ஏறி வரும், அதே மாதிரி முள்ளும் ஜாஸ்தி. வசந்த காலத்துல அந்த மீனப் பலகைல வச்சு தீயில வாட்டி ஆத்தங்கரை ஊருங்கள்ல திருவிழாவே நடத்துவாங்க. மீன் அவ்வளவு குறைஞ்சு போனதால 2010ல ஹட்சன்ல ஷாட் பிடிக்கிறதையே நிறுத்திட்டாங்க. காவேரில மேட்டூர் அணைக்கு அப்புறம் உல்லம் மேல ஏறி வர்றது நின்னு போனத நம்ம ஆளுங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க, அதே வலி தான்.

திருவிழாவுக்கும் வலி வந்துச்சு. மரப்படகு சும்மா இருக்காது, தண்ணில இருக்கிற மரம் உளுத்துக்கிட்டே இருக்கும், குளிர்காலம் தோறும் மேல ஏத்தி பலகைய மாத்தணும். 2015, 16 குளிர்காலத்துல கிங்ஸ்டன் ஊர்ல வச்சு அடிப்பக்கத்து மரங்கள பெரிய அளவுல மாத்த வேண்டி வந்துச்சு, நிறைய பணம். அந்த வருஷம், 2016ல, படகா திருவிழாவான்னு கேள்வி வந்தப்ப திருவிழாவ நிறுத்தி வச்சாங்க, 2017ல திரும்ப நடந்துச்சு. படகுக்குக் காசு சேக்கப் பொறந்த திருவிழாவ, படகக் காப்பாத்தவே ஒரு வருஷம் நிறுத்த வேண்டி வந்துச்சுன்னா, அந்தக் கணக்கு எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு பாருங்க. 2009ல சீகரோட 90வது பிறந்தநாளுக்கு மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மாதிரி பெரிய ஆளுங்க எல்லாம் பாடி அமைப்புக்கு நிதி சேத்துக் குடுத்தாங்க, அப்படி ஒரு ராத்திரி எல்லா வருஷமும் அமையாது. கொரோனா வேற வந்துச்சு, 2020ல திருவிழா நடக்கல. பெரிய மேடை, பெரிய பேர், பெரிய கூட்டம்னு போகப் போக செலவும் பெருசாகுது, ஒரு மழை வார இறுதிய தாங்குற சக்தி குறையுது. இது என் கருத்து, ஒத்துக்காதவங்க இருப்பாங்க, பெரிய பேர் இல்லன்னா இளைஞருங்க வர மாட்டாங்கன்னு அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

எனக்கு அதனால தான் பீக்கன் ஊர்ல நடக்குற சின்னத் திருவிழாங்க மேல தனிப் பிரியம். அங்க ஸ்லூப் கிளப்னு ஒண்ணு, கிளியர்வாட்டரோட வழில பொறந்தது, பூரா வாலண்டியர். ஜூன்ல ஸ்ட்ராபெர்ரி, ஆகஸ்ட்ல மக்காச்சோளம், அக்டோபர்ல பரங்கிக்காய்னு மூணு திருவிழா. அந்தந்த சீசன்ல பக்கத்து வயல்ல என்ன விளையுதோ அது தான் சாமி. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஸ்டேஷன்ல இறங்கினா ஆறு எதுத்தாப்புல, நடந்து போற தூரத்துல மக்காச்சோளம் பெரிய பாத்திரத்துல கொதிக்கிறது தெரியும். தோல உரிக்கிறதுக்குன்னே ஒரு மேசை, அதச் சுத்தி பாட்டிங்களும் பிள்ளைங்களும், கை பாட்டுக்கு உரிக்குது வாய் பாட்டுக்குப் பேசுது, உரிச்ச தோலும் பட்டு மாதிரி நாரும் ஒரு மூட்டைல, அது உரத்துக்கு. சூடா எடுத்து வெண்ணெய்ல உருட்டிக் குடுப்பாங்க, கையெல்லாம் வழியும். ரெண்டு மேடை, தெரிஞ்ச முகங்க தான் பாடும். சேர்ற காசு உட்டி கத்ரின்னு ஒரு பாட்டுக்காரர் பேர் வச்ச அவங்க சின்னப் படகுக்கு, அதுல கோடைச் சாயங்காலங்கள்ல யாரு வேணாலும் இலவசமா ஏறிப் போகலாம், ஓட்டுறவங்களும் வாலண்டியர். இங்க மழை பெஞ்சா போறது கொஞ்சம் மக்காச்சோளம், ரெண்டு பரங்கி மூட்டை. அடுத்த மாசம் திரும்ப நடத்திக்கலாம்.

அந்தத் திருவிழா நடக்குற கரையே ஒரு காலத்துல ஊர்க் குப்பை கொட்டுன இடம். இன்னைக்கு அது புல்வெளி, பீட் அண்ட் தோஷி சீகர் ரிவர்ஃப்ரண்ட் பார்க்னு பேர். அதுக்குப் பக்கத்துல தண்ணிலயே மிதக்குற மாதிரி ஒரு சின்ன நீச்சல் குளம் இருக்கு, 2007ல தொறந்தது, 20 அடி அகலம் தான், வட்டமா கலர் கலரா உக்கார இடம், அடியில வலை, அந்த வலை வழியா ஹட்சன் தண்ணியே உள்ள வந்து வெளில போகும். சீகர் பல வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தது அது. நான் போன ஆகஸ்ட்ல வெண்ணெய் கையோட நாலஞ்சு பிள்ளைங்க மக்காச்சோளக் கட்டைய அம்மாகிட்ட குடுத்துட்டு நேரா அந்தக் குளத்துக்குள்ள இறங்குச்சுங்க. ஏத்தத் தண்ணி வந்துக்கிட்டு இருந்த நேரம், வலைக்கு மேல நின்னு, தண்ணி இந்தப் பக்கம் போகுது பாருங்க, மேல போகுது பாருங்கன்னு கரைல இருந்தவங்களுக்கு ஒரு பையன் கை காட்டிக்கிட்டே இருந்தான்.